எக்சோசோமுக்குள் ஒளிரும் டிஎன்ஏ

புற்றுநோய்தானா என்று உறுதிசெய்ய, கட்டியிலிருந்து திசுத் துணுக்கை எடுத்துச் சோதிப்பதே இன்றும் வழக்கம். கட்டி மூளையிலோ கணையத்திலோ இருந்துவிட்டால் அங்கே ஊசி செலுத்துவதே பெரும்பாடு. ஆனால் அதே கட்டியின் செல்கள் எக்சோசோம் என்னும் நுண்பைகளை ஓயாமல் ரத்தத்தில் விட்டுக்கொண்டிருக்கின்றன.

எக்சோசோமின் குறுக்களவு சுமார் 30 முதல் 150 நானோமீட்டர். 1983இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ரோஸ் ஜான்ஸ்டோன் குழுவினர், செம்மறியாட்டின் முதிராத சிவப்பணுக்கள் இவற்றை வெளியிடுவதைக் கண்டனர். வேண்டாத புரதங்களைச் செல் கழித்துக்கட்டும் வழி என்றே அப்போது கருதப்பட்டது. 2007இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் அவற்றுக்குள் ஆர்என்ஏவும் இருப்பதைக் காட்டியபின் பார்வை மாறியது. அவற்றில் உள்ள மைக்ரோ ஆர்என்ஏக்கள் சுமார் 22 மரபெழுத்து நீளமே உடையவை. மிர்-21 என்பது பல புற்றுநோய்களில் அளவு மிகும் ஒன்று.

அதைப் பிடிக்கத்தான் டிஎன்ஏ நானோ உணரி. மரபெழுத்து ஒவ்வொன்றும் தனக்குரிய இணையோடு மட்டுமே சேரும். ஆகவே தேடும் ஆர்என்ஏவுக்கு இணையான டிஎன்ஏ இழையை ஆய்வகத்திலேயே கோத்துவிடலாம். 1996இல் சஞ்சய் தியாகியும் பிரெட் கிரேமரும் இத்தகைய இழையைக் கொண்டை ஊசிபோல மடித்தார்கள். ஒரு முனையில் ஒளிரும் சாயம். மறுமுனையில் அந்த ஒளியை அணைக்கும் மூலக்கூறு. மடிந்திருக்கும்வரை இருள். உரிய ஆர்என்ஏ வந்து இணைந்ததும் மடிப்பு விரிகிறது, முனைகள் விலகுகின்றன, சாயம் ஒளிர்கிறது. ஓரெழுத்து பிசகினாலும் மடிப்பு எளிதில் விரியாதபடி இழையை வடிவமைக்க முடியும்.

சில முறைகளில் எக்சோசோமை உடைத்து ஆர்என்ஏவை வெளியே எடுக்கிறார்கள். வேறு சிலவற்றில் உணரியைக் கொழுப்புக் குமிழியில் அடைத்து அனுப்ப, குமிழி எக்சோசோமோடு ஒன்றிக் கலக்கிறது. ஆர்என்ஏ மிகக் குறைவாக இருந்தால், ஒரு மடிப்பு விரிந்ததும் அடுத்தடுத்த மடிப்புகளும் தொடராக விரியுமாறு அமைத்து ஒளியைப் பெருக்குகிறார்கள். பையின் மேற்புறத்தில் உள்ள சிடி63 போன்ற புரதங்களைப் பற்றிக்கொள்ள, ஆப்டமர் எனப்படும் மடிந்த டிஎன்ஏ துண்டுகள் உதவுகின்றன.

சிக்கல்களும் உண்டு. நலமான செல்களும் எக்சோசோம்களை விடுகின்றன. அழற்சியிலும் மிர்-21 கூடும். அதனால் ஒரே அடையாளத்தை நம்பாமல், பலவற்றைச் சேர்த்து அளக்கும் உணரிகளை உருவாக்குகிறார்கள். அவை பலதரப்பட்ட நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டுத் தேற வேண்டும்.

இந்த உணரிகள் பெரும்பாலும் இன்னும் ஆய்வக நிலையில்தான் இருக்கின்றன. ஆகவே ஒரு துளி ரத்தத்தில் எல்லாப் புற்றுநோயும் தெரியும் என்று யாரேனும் விளம்பரம் செய்தால் நம்பாதீர்கள். மருத்துவர் சொன்ன திசுப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.