மின்சாரக் காரும் எர்த் குழியும்

"எந்தக் கம்பெனி சார்ஜர் நல்லது தம்பி?" என்றார் பக்கத்துத் தெரு சார். ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர். திருவண்ணாமலை ரமண நகரில் சொந்த வீடு. மின்சாரக் காருக்கு முன்பணம் கட்டிவிட்டு, கையில் நாலைந்து விளம்பரத் தாள்களோடு செங்கம் ரோட்டு டீக்கடைக்கு வந்திருந்தார்.

"கம்பெனியைக் கடைசியில பாத்துக்கலாம் சார். சார்ஜர் ஏற்கெனவே உங்க காருக்குள்ளதான் இருக்கு."

அவர் நம்பவில்லை. நம்பாததில் வியப்பும் இல்லை. சுவரில் மாட்டும் பெட்டியைத்தான் ஊரே சார்ஜர் என்கிறது. வீட்டுக்கு வருவது ஏசி கரண்ட். பேட்டரி வாங்கிக்கொள்வது டிசி மட்டும். ஒன்றை மற்றொன்றாக மாற்றும் கருவியைக் கார் கம்பெனி வண்டிக்குள்ளேயே வைத்துவிடுகிறது. எவ்வளவு வேகமாக ஏறும் என்பதை முடிவு செய்வது அதுதான். எம்ஜி காமெட் 2023-ல் வந்தபோது உள்ளே இருந்தது 3.3 கிலோவாட். டியாகோ இவியில் பெரிய பேட்டரி வண்டியை 3.3 அல்லது 7.2 என்று எடுக்க முடிந்தது. 3.3 கிலோவாட் வண்டிக்கு 11 கிலோவாட் பெட்டி வாங்கி மாட்டினாலும் 3.3-தான் ஏறும். மிச்சம் சுவருக்கு அழகு.

அப்படியானால் பெட்டி எதற்கு? கோயில் கியூவில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பாரே ஒரு காவலர், அவர் வேலைதான் அதற்கு. கேபிள் முனையில் இருக்கும் கன்னைக் காரில் செருகியதும் கரண்ட் பாய்ந்துவிடாது. டைப்-2 கன்னின் முகத்தைப் பார்த்தால் ஏழு துளைகள் தெரியும். மூன்று ஃபேஸுக்கு மூன்று, நியூட்ரலுக்கு ஒன்று, எர்த்துக்கு ஒன்று. மீதி இரண்டு பேச்சுவார்த்தைக்கு. அவற்றில் ஒன்றின் வழியாகப் பெட்டி நொடிக்கு ஆயிரம் துடிப்பு அனுப்புகிறது. ஒவ்வொரு துடிப்பும் எவ்வளவு அகலம் என்பதில்தான் செய்தி. கால்வாசிக்குச் சற்று மேல் என்றால் 16 ஆம்பியர், பாதிக்குச் சற்று மேல் என்றால் 32 ஆம்பியர். "இதற்கு மேல் இழுக்காதே" என்று பெட்டி சொல்கிறது. கார் கேட்டுக்கொண்டு "தயார்" என்கிறது. அதன் பிறகே பெட்டிக்குள் காண்டாக்டர் என்ற சுவிட்ச் டக்கென்று சேருகிறது. காரோடு வரும் கேபிளின் நடுவில் செங்கல் அளவில் ஒரு கட்டை தொங்குகிறதே, அதற்குள்ளும் இதே சமாசாரம்தான். அதை 16 ஆம்ப் சாக்கெட்டில் செருகுகிறோம், விலை கூடிய பெட்டியைச் சுவரில் மாட்டுகிறோம். வித்தியாசம் அவ்வளவே.

"அப்ப நான் எதை வாங்கறது?"

"ஒரு நாளைக்கு எவ்வளவு ஓட்டுவீங்க?"

பெரிய கோயில், மார்க்கெட், பேரனை ஸ்கூலில் விடுவது. வாரம் ஒருமுறை கலெக்டர் ஆபீஸ் பக்கம். கிரிவலப் பாதையை முழுதாகச் சுற்றினாலே 14 கிலோமீட்டர்தான். எப்படிக் கூட்டினாலும் தினம் நாற்பதைத் தாண்டவில்லை. 3.3 கிலோவாட்டில் இரவு ஒன்பது மணிக்குச் செருகிக் காலை ஆறு மணிக்கு எடுத்தால், வழியில் வெப்பமாகப் போனது போக, சின்னக் காருக்கு ஏறத்தாழ 150 கிலோமீட்டர் ஓட்டம் ஏறியிருக்கும். இவருக்கு அதுவே மிகை. 2001-ல் பெங்களூரில் ரேவா வந்தபோது அதுவும் சாதாரண 15 ஆம்ப் சாக்கெட்டில்தான் சார்ஜ் ஆனது. சென்னைக்கோ பெங்களூருக்கோ போய் ராத்திரி பத்து மணிக்குத் திரும்பி, மறுநாள் விடியலில் மறுபடி கிளம்புகிறவர், டாக்ஸி ஓட்டுகிறவர், பெரிய பேட்டரி வண்டிக்காரர், இவர்களுக்கு 7.2 கிலோவாட் பெட்டி வேண்டும். மற்றவர்கள் அந்தப் பணத்தை மண்ணுக்குள் போடுவது நல்லது என்பது என் கட்சி.

மண் என்று நான் சொல்வது எர்த் குழியை.

நம் பகுதி மலையடிவாரம். போர் போட்டவர்களுக்குத் தெரியும், சில இடங்களில் நாலடி தோண்டினாலே பாறை. கரண்ட் கசிந்தால் மண்ணுக்குள் இறங்கி மறைய வேண்டும். பாறையும் காய்ந்த செம்மண்ணும் அதை எளிதில் வாங்காது. பழைய வீடுகளில் கட்டும்போது ஒரு ஜிஐ பைப்பைப் புதைத்து, கரியும் உப்பும் போட்டு மூடியிருப்பார்கள். அதற்கப்புறம் யாரும் தண்ணீர் ஊற்றியிருக்க மாட்டார்கள். மேலே சிமெண்ட் தளமே போட்டிருப்பார்கள். ஃபேன், லைட், டிவிக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. காருக்குத் தெரியும். எர்த் சரியில்லை என்று கண்டால் பல சார்ஜர்கள் சிவப்பு விளக்கைக் காட்டிவிட்டு வேலை செய்ய மறுக்கும். வண்டி வந்த முதல் நாள் ராத்திரி ஷோரூமுக்குப் போன் போட்டு "சார்ஜர் அவுட்டு" என்று கத்துகிறவர்களில் பலருடைய சார்ஜருக்கு ஒன்றுமே ஆகியிருக்காது.

இந்த இடத்தில்தான் சில எலெக்ட்ரீஷியன்கள் ஒரு கைவேலை காட்டுவார்கள். "எர்த்து வரல சார், நியூட்ரல்ல இருந்து ஒரு லூப் போட்டுடறேன், ஏறிடும்." ஏறும், உண்மை. சாக்கெட்டுக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்துவிட்டால் சார்ஜர் ஏமாந்து பச்சை விளக்கு காட்டும். ஆனால் என்றைக்காவது காற்றிலும் மழையிலும் கம்பத்திலிருந்து வரும் நியூட்ரல் கழன்றால், வீட்டு ஃபேஸ் கரண்ட் அந்தத் துண்டு ஒயர் வழியே காரின் உடம்புக்கு வந்து நிற்கும். வெறுங்காலோடு ஈரத்தரையில் நின்று கதவைத் திறக்கப் போகிறவரை நினைத்துப் பாருங்கள். லூப் என்ற சொல்லை யாராவது எடுத்தால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள். வேறு ஆளைக் கூப்பிடுங்கள்.

சார் இன்னொன்று கேட்டார்: "எம்சிபி இருக்கே, கரண்ட் கசிஞ்சா அது விழுந்துடாதா?"

கணக்குப் போட்டுப் பார்த்தோம். எர்த்தின் தடை 20 ஓம் என்று வைத்துக்கொள்வோம். பாறை மண்ணில் கோடையில் இது அதிசயமில்லை. 230 வோல்ட்டை 20-ஆல் வகுத்தால் பதினொன்றரை ஆம்பியர். அவ்வளவு கரண்ட் காரின் உடம்பு வழியாக மண்ணுக்குப் போய்க்கொண்டிருந்தாலும் 16 ஆம்ப் எம்சிபி அசையாது. அதற்கு அது சாதாரண லோடு. கசிவைக் கண்டுபிடிப்பது ஆர்சிசிபியின் வேலை. போகிற கரண்டும் திரும்பும் கரண்டும் சமமா என்று பார்த்து, 30 மில்லியாம்பியர் குறைந்தாலே துண்டித்துவிடும். காருக்கென்று தனியாக ஒன்று வேண்டும். கடையில் "ஆர்சிசிபி கொடு" என்றால் பெரும்பாலும் ஏசி வகையை எடுத்து நீட்டுவார்கள். காரிலிருந்து சிறிது டிசி கசிந்தால் அந்த வகைக்குக் கண் தெரியாமல் போய்விடும். ஏ வகை என்று கேட்டு வாங்க வேண்டும். வாங்கும் சார்ஜரில் 6 மில்லியாம்பியர் டிசி கசிவைக் கண்டுபிடிக்கும் வசதி உள்ளே இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். விளம்பரத் தாளில் நான் முதலில் தேடும் வரி அதுதான். மொபைல் ஆப், வைஃபை, கலர் விளக்கு எல்லாம் அதற்கப்புறம்.

புதுக் குழிக்கு இப்போது பெண்டோனைட் கலவை போட்ட கெமிக்கல் எர்த்திங் செய்கிறார்கள். பாறை இருக்கும் இடத்தில் ஒரே குழியை ஆழமாகத் தோண்ட முயல்வதைவிட, தள்ளித் தள்ளி இரண்டு குழி போட்டு இணைப்பது நடைமுறைக்கு ஒத்துவரும். வேலை முடிந்ததும் எர்த் டெஸ்டர் வைத்து அளந்து எண்ணைக் காட்டச் சொல்லுங்கள். மழைக்காலத்தில் அளந்தது சித்திரையில் அப்படியே இருக்காது.

அடுத்தது சாக்கெட். மோட்டார், கெய்சர், அயர்ன் பாக்ஸ் எல்லாம் 16 ஆம்ப் சாக்கெட்டில்தான் ஓடுகின்றன, அதனால் என்ன என்பார்கள். கெய்சர் கால் மணி நேரத்தில் அணைந்துவிடும். கார் எட்டு, ஒன்பது மணி நேரம் மூச்சுவிடாமல் இழுக்கும். சாக்கெட்டின் பின்னால் ஒரு ஸ்க்ரூ அரைச் சுற்று தளர்ந்திருந்தால் போதும், அந்த இடம் சூடாகி, பிளாஸ்டிக் பழுப்பாகி, உருக ஆரம்பிக்கும். எரிந்த சாக்கெட்டுகளைப் பார்த்தால் பெரும்பாலும் ஒயர் நன்றாகவே இருக்கும், முனைதான் கருகியிருக்கும். மெயின் போர்டிலிருந்து காருக்கென்றே தனி லைன், 4 சதுர மில்லிமீட்டர் காப்பர், 7.2 கிலோவாட் பெட்டி என்றால் 6, தூரம் அதிகமென்றால் 10. சார்ஜரின் பிளக் ஒத்துக்கொண்டால் வீட்டுச் சாக்கெட்டுக்குப் பதில் நீல நிற இண்டஸ்ட்ரியல் சாக்கெட் மாட்டுவது நல்லது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டவே வேண்டாம். இன்வெர்ட்டர் லைனிலும் கொடுக்கக் கூடாது. முதல் நாள் ஒரு மணி நேரம் ஓடிய பிறகு பிளக்கைத் தொட்டுப் பார்க்கலாம். வெதுவெதுப்பு சரி, கை வைக்க முடியாத சூடு என்றால் நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிட வேண்டும்.

இபி பக்கம் வந்தால், 4 கிலோவாட்டைத் தாண்டினால் த்ரீ ஃபேஸ் என்பது இங்கே பழைய விதி. கார் மட்டுமே 3.3. ஒரு ஏசியையும் மோட்டாரையும் சேர்த்தாலே எல்லை தாண்டிவிடும். ஆகவே வண்டி வருவதற்கு முன்பே லோடு கூட்ட எழுதிக் கொடுத்துவிட வேண்டும். ஏற்கெனவே த்ரீ ஃபேஸ் இருந்தால் ஒரு எச்சரிக்கை: ஒரு ஃபேஸ் போனதும் சேஞ்ச் ஓவரைத் திருப்பி வீட்டையே அடுத்த ஃபேஸில் தள்ளுவது நம் வழக்கம். அந்த ஃபேஸில் கார் ஏறிக்கொண்டிருந்தால் முதலில் காரை நிறுத்துங்கள். தனி மீட்டர் வேண்டுமென்றால் கேட்கலாம். 2024 பிப்ரவரியில் திருத்தப்பட்ட மத்திய அரசின் நுகர்வோர் உரிமை விதிகள் காருக்குத் தனி இணைப்பு கேட்கும் உரிமையைத் தருகின்றன.

பில் எவ்வளவு வரும் என்பதில்தான் சாரின் மனைவிக்குக் கவலையாம். இரண்டு மாதத்துக்கு 400 யூனிட் ஓடும் வீடு. கார் மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடினால், இழப்பெல்லாம் சேர்த்து இரண்டு மாதத்துக்கு 320 யூனிட் கூடும். 2022 செப்டம்பர் கட்டணப்படி 400 யூனிட்டுக்கு 1,125 ரூபாய். 720 யூனிட்டுக்கு 3,830. வித்தியாசம் 2,705. அதன்பின் விலை கொஞ்சம் ஏறியிருக்கிறது, படிக்கட்டு அதேதான். 500-ஐத் தாண்டினால் இரண்டாவது நூறு யூனிட்டுக்கான சலுகையும் போய்விடும் என்பதால் கடைசிப் படிகள் கசக்கும். கசக்கட்டும். லிட்டருக்குப் பதினைந்து கொடுக்கும் பெட்ரோல் காரில் அதே 2,000 கிலோமீட்டருக்குப் பதின்மூன்றாயிரம் ரூபாய்க்கு மேல் ஆகும். வாடகை வீட்டுக்காரர்கள் மட்டும் கவனிக்கவும்: மாடிப்படி லைட்டுக்கும் மோட்டாருக்கும் உள்ள பொது மீட்டரில் காரைச் செருகினால் முதல் யூனிட்டிலிருந்தே விலை வேறு, பக்கத்து வீட்டோடு சண்டையும் இலவசம்.

பெட்டி வாங்குவதென்றே முடிவானால் ஐபி65 என்று எழுதியிருப்பதைப் பாருங்கள். தூசியும் மழைச்சாரலும் உள்ளே போகாது. தரையிலிருந்து நாலடி உயரம், மேலே ஒரு சின்னக் கூரை, மெயின் போர்டில் சர்ஜ் அரெஸ்டர். ஐப்பசி, கார்த்திகை இடிக்கு அது தேவை. ஆனால் எந்த விளம்பரத் தாளிலும் இல்லாத ஒரு சங்கதி நம் பகுதிக்கு உண்டு: குரங்கு. ஆசிரமத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் டிஷ் கேபிளையும் தண்ணீர் டேங்க் பைப்பையும் அவை என்ன பாடு படுத்துகின்றன என்று எல்லோருக்கும் தெரியும். தொங்கும் கேபிள் அவற்றுக்கு ஊஞ்சல். கன்னின் ரப்பர் மூடியை முதல் வாரமே பிய்த்துவிடும். கேபிள் பெட்டியோடு ஒட்டிப் பிறந்த மாடலைவிட, வேலை முடிந்ததும் கழற்றி வீட்டுக்குள் எடுத்துப் போகும் கேபிள் இங்கே உத்தமம். இல்லையென்றால் வெல்டிங் கடையில் சொல்லி, பூட்டுப் போடும் கம்பிக் கூண்டு ஒன்று அடித்து மாட்டுங்கள். காற்று போக இடம் விட்டு அடிக்கச் சொல்லுங்கள்.

"பௌர்ணமிக்கு?" என்றார் சார்.

பௌர்ணமிக்கும் தீபத்துக்கும் கிரிவலப் பாதையில் வண்டி விட மாட்டார்கள். வெளியூர் போக வேண்டியிருந்தால் முந்தின ராத்திரியே முழுதாக ஏற்றி, ரோட்டை அடைப்பதற்குள் காரை ஊருக்கு வெளியே சொந்தக்காரர் வீட்டில் நிறுத்திவிடுவதுதான் வழி. அதற்கு 3.3-ஆ 7.2-ஆ என்ற கேள்வியே இல்லை.