வேலை போன பிறகு கோச் எதற்கு?

2020 மே மாதம் மலேசியாவில் 826,100 பேர் வேலையில்லாமல் இருந்தார்கள். வேலையின்மை விகிதம் 5.3 விழுக்காடு. கோவிட் பெருந்தொற்று ஓய்ந்ததும் அந்த எண்ணிக்கை குறைந்துவிட்டது. ஆனால் நாற்பதைத் தாண்டிய வயதில் ஆட்குறைப்புக் கடிதம் வாங்கியவருக்கு, "இனி நம்மை யார் எடுப்பார்கள்" என்ற பயம் புது வேலை கிடைத்தாலும் லேசில் விடுவதில்லை.

வேலை போனவர் முடங்கிப்போவதைச் சோம்பேறித்தனம் என்று சொல்பவர்கள் மரியந்தால் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆஸ்திரியாவில் நூற்பாலை ஒன்றை நம்பி வாழ்ந்த சிற்றூர் அது. ஆலை மூடியதும் மரீ யகோடாவும் அவருடைய சகாக்களும் அங்கே போய் ஆய்ந்தார்கள். 1933இல் நூலாக வெளியிட்டார்கள். ஆண்கள் தெருவில் நடக்கும் வேகத்தைக்கூட அளந்தார்கள். நடை தளர்ந்திருந்தது. கை நிறைய நேரம் இருந்தும் நூலகத்தில் புத்தகம் எடுப்பது குறைந்துபோயிருந்தது. வேலையோடு சேர்ந்து மனிதரின் முனைப்பும் போய்விடுகிறது.

இந்த இடத்தில்தான் வேலை தேடலுக்கு வழிகாட்டும் நல்ல கோச் உதவுவார். கிள்ளான் துறைமுகப் பக்கம் பதினைந்து ஆண்டு கிடங்கு மேற்பார்வையாளராக இருந்த ஒருவர், பிரிக்பீல்ட்ஸில் ஒரு கோச் முன் வந்து உட்காருவதாக வைத்துக்கொள்வோம்.

"என்ன வேலைண்ணே பார்த்தீங்க?"

"சும்மா ஸ்டோர்லதாம்மா."

"கண்டெய்னர் வந்து நிக்குது, கே1 பாரத்துல எண்ணிக்கை தப்பா இருக்குன்னா யாரைக் கூப்பிடுவாங்க?"

"என்னைத்தான்."

"நீங்க என்ன செய்வீங்க?"

அதன்பிறகு அவர் நிறுத்தாமல் பேசுவார். ஏஜெண்டைப் பிடித்து சுங்கப் பாரத்தைத் திருத்தியது, லாரி காத்துக் கிடந்தால் ஏறும் செலவைக் கணக்குப் போட்டு முதலாளிக்குச் சொன்னது, இரவு ஷிப்டில் வங்காளதேசத் தொழிலாளர்களுக்கு மலாயில் விளக்கி விபத்தில்லாமல் சரக்கை இறக்கியது. கோச் குறுக்கே பேசாமல் எழுதிக்கொள்வார். "சும்மா ஸ்டோர்" என்ற வேலை, ரெசுமேயில் போடத்தக்க நாலு வரியாக அவர் கண்முன்னே வந்துவிடும். அடுத்த வாரத்துக்குள் பழைய வாடிக்கையாளர் இருவருக்குப் போன் போட வேண்டும் என்பது வீட்டுப்பாடம்.

தன்னால் முடியும் என்ற நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்று உளவியலாளர் ஆல்பர்ட் பந்தூரா 1977இல் நான்கு ஊற்றுகளைக் காட்டினார். அவற்றில் வலுவானது, தானே ஒன்றைச் செய்து முடித்த அனுபவம். பிறர் சொல்லும் ஊக்க வார்த்தையும் பட்டியலில் உண்டு. அதற்கு அவ்வளவு பலமில்லை. நம் மண்டபங்களில் தன்முனைப்புப் பேச்சாளருக்குக் கைதட்டிவிட்டு வருகிறவர்கள் திங்கட்கிழமை விண்ணப்பம் அனுப்பாததற்குக் காரணம் இதுதான் என்பது என் திடமான எண்ணம். அதற்கு மாறாக, அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகம் 1980களில் வேலையிழந்தவர்களைக் குழுவாக உட்காரவைத்து நேர்காணலுக்கு ஒத்திகை பார்த்தது. "வேண்டாம்" என்ற பதில் வந்தால் அடுத்து என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே பழக்கியது. பயிற்சி கொடுத்தவர்களே ஒரு காலத்தில் வேலை இழந்தவர்கள். பயிற்சி பெற்றவர்களுக்கு மற்றவர்களைவிட நல்ல வேலை கிடைத்தது, மனச்சோர்வும் குறைந்தது.

பணம் கொடுத்துக் கோச் வைக்கும் முன் ஒன்றைக் கவனியுங்கள். மலேசியாவில் 'கவுன்சிலர்' என்று தொழில் செய்ய 1998ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டத்தின்கீழ் பதிவு வேண்டும். 'கோச்' என்று பலகை மாட்ட அப்படிப் பதிவு எதுவும் தேவையில்லை. ஆகவே அனைத்துலகக் கோச் கூட்டமைப்பான ஐசிஎஃப் சான்றிதழ் இருக்கிறதா, எத்தனை மணி நேரப் பயிற்சி பெற்றவர் என்று கேட்கத் தயங்காதீர்கள். மூன்று மாதத்தில் மேனேஜர் ஆக்குகிறேன் என்பவரிடம் காசைக் கொடுக்காதீர்கள். தூக்கமில்லை, சாப்பிட முடியவில்லை, வாழ்வே வெறுத்துவிட்டது என்ற நிலையில் இருப்பவருக்குக் கோச் போதாது. மருத்துவரிடம் போக வேண்டும்.

பலரும் பயன்படுத்தாமல் விடுகிற ஓர் உதவி, சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவில் இருக்கிறது. 2018 முதல் நடைமுறையில் உள்ள வேலைக் காப்புறுதித் திட்டத்துக்கு உங்கள் சம்பளத்திலிருந்து மாதாமாதம் 0.2 விழுக்காடு பிடிக்கிறார்கள்; முதலாளியும் அதே அளவு கட்டுகிறார். ஆட்குறைப்பில் வேலை போனால், சந்தா நிபந்தனையை நிறைவு செய்தவர்களுக்கு ஆறு மாதம் வரை தொகை உண்டு. முதல் மாதம் காப்புறுதிச் சம்பளத்தில் 80 விழுக்காடு, பிறகு படிப்படியாகக் குறையும். அதோடு வேலை தேட வழிகாட்டும் அதிகாரியும் பயிற்சிக் கட்டண உதவியும் உண்டு. தானே ராஜினாமா செய்தவர்களுக்குப் பொதுவாக இது கிடைக்காது. ஆகவே மிரட்டலுக்குப் பயந்து ராஜினாமா கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

அடுத்தவர் என்ன நினைப்பாரோ என்று வீட்டில் முடங்கிக் கிடக்க நேரமில்லை. இந்த உதவிக்கு வேலை போன நாளிலிருந்து 60 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். உங்கள் அண்ணனோ தம்பியோ பக்கத்து வீட்டு அக்காவோ அந்த நிலையில் இருந்தால், ஆறுதல் சொல்வதோடு விடாமல் இந்த வாரமே சொக்சோ கிளைக்கு அழைத்துப் போங்கள்.