பன்னிரண்டு குடம்!

1938-ஆம் வருஷம். ஹாலந்து தேசத்தில் குரோனிங்கன் நகரத்து ஆஸ்பத்திரியில் 22 வயது வாலிபன் ஒருவன் படுத்திருந்தான். குடியானவர் வீட்டுப் பிள்ளை. அவனுடைய சிறுநீரகங்கள் இரண்டும் கெட்டுவிட்டன. ஓயாத வாந்தி, நாளுக்கு நாள் கண் பார்வை மங்கியது. சில தினங்களில் அவன் இறந்து போனான்.

அந்தச் செய்தியை அவன் தாயாரிடம் சொல்ல வேண்டிய பொறுப்பு ஓர் இளம் டாக்டர் தலையில் விழுந்தது. அவர் பெயர் வில்லெம் கோல்ஃப். வயது 27. "தினந்தோறும் அவன் ரத்தத்திலிருந்து கொஞ்சம் யூரியாவை எடுத்துவிட முடிந்திருந்தால், பையன் பிழைத்திருப்பானே!" என்ற எண்ணம் அன்றிலிருந்து அவரை விடவில்லை.

யூரியா என்பது என்ன? அதை அகற்றாவிட்டால் உயிருக்கே ஏன் ஆபத்து?

மீனும் பல்லியும் நாமும்

பருப்பு, பால், முட்டை, மாமிசம் ஆகியவற்றில் புரதச் சத்து இருக்கிறது. உடல் அதை உபயோகித்த பின் மிஞ்சுவது அம்மோனியா. இது கொடிய நஞ்சு. ஜீவராசிகள் ஒவ்வொன்றும் இதை ஒழித்துக் கட்ட ஒரு வழி வைத்திருக்கின்றன.

மீனுக்குக் கவலையில்லை. சுற்றிலும் தண்ணீர். அம்மோனியாவைச் செவுள் வழியாக அப்படியே கரைத்து விட்டுவிடுகிறது. பறவையும் பல்லியும் அப்படிச் செய்ய முடியாது. முட்டைக்குள் அடைபட்டிருக்கும் குஞ்சு அம்மோனியாவை எங்கே கொண்டு போய்க் கொட்டும்? ஆகையால் அவை அதனைத் தண்ணீரில் எளிதில் கரையாத யூரிக் அமிலமாக மாற்றிவிடுகின்றன. சுவரில் ஓடும் பல்லியின் எச்சத்தில் வெள்ளையாக ஒரு நுனி இருக்குமே, அதுதான் இது.

நமக்கு நடு வழி. நம்முடைய ஈரல் அம்மோனியாவை, அவ்வளவு கடுமையில்லாத யூரியாவாக மாற்றி ரத்தத்தில் விடுகிறது. அதை வெளியேற்றுவது சிறுநீரகத்தின் பொறுப்பு.

வீட்டைக் காலி செய்யும் வேலைக்காரன்

கசாப்புக் கடையில் குண்டிக்காய் என்று சொல்கிறோமே, அதுவே சிறுநீரகம். மனிதனுக்கு முதுகெலும்பின் இரு பக்கமும் ஒவ்வொன்று. கைப்பிடி அளவுதான், எடை சுமார் 150 கிராம். அதற்குள் ஏறக்குறைய 10 லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் இருக்கின்றன.

போகிப் பண்டிகை வருகிறது என்றால் வீட்டில் என்ன செய்கிறோம்? பரணில் உள்ளதையெல்லாம் முற்றத்தில் இறக்கிப் போடுகிறோம். வேண்டியதை மட்டும் திரும்ப எடுத்து வைத்து, மற்றதைக் கழித்துவிடுகிறோம். சிறுநீரகமும் இப்படித்தான் செய்கிறது. ஆனால் வருஷத்துக்கு ஒரு முறை அல்ல, ஓயாமல்!

ரத்த அணுக்களையும் புரதத்தையும் நிறுத்திக்கொண்டு, மற்றத் திரவத்தை வடித்து இறக்குகிறது. ஒரு நாளில் இவ்வாறு வடிவது 180 லிட்டர். ஒரு குடத்துக்கு 15 லிட்டர் என்று கணக்கிட்டால் 12 குடம்! அதில் வெளியே போவதோ ஒன்றரை லிட்டர்தான். மீதி முழுவதும் ரத்தத்துக்கே திரும்பிவிடுகிறது. சர்க்கரை ஏறக்குறைய முழுதும் திரும்பும்; உப்பு தேவைக்குத் தக்கபடி திரும்பும்; யூரியாவில் ஒரு பகுதி சிறுநீரோடு கழிந்து போகும்.

உச்சி வெயிலில் நடந்து வந்தவனுக்குச் சிறுநீர் கொஞ்சமாகவும் மஞ்சளாகவும் போவது ஏன்? மூளையின் அடியில் பட்டாணி அளவில் பிட்யூட்டரி என்ற சுரப்பி உண்டு. அதிலிருந்து ரத்தத்தில் வரும் ஒரு ரசம், "தண்ணீரை விடாதே, பிடித்து வை" என்று சிறுநீரகத்துக்கு உத்தரவிடுகிறது. இரண்டு செம்பு தண்ணீர் குடித்த பின் அந்த உத்தரவு தளர்கிறது. நம் உடலின் எடையில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். அதன் அளவும் உப்பும் ஏறாமல் இறங்காமல் நிற்பது இந்தக் காவலால்தான்.

யுத்த காலத்தில் ஒரு யந்திரம்

கோல்ஃபின் கதைக்குத் திரும்புவோம். 1940-ல் ஜெர்மானியப் படை ஹாலந்தைப் பிடித்துக்கொண்டது. அவர் காம்பென் என்ற சிற்றூர் ஆஸ்பத்திரிக்குப் போனார். யுத்த காலமானதால் எந்தச் சாமானும் கிடைப்பது அரிது. தொத்திறைச்சி அடைக்கும் செல்லோபேன் குழாயை மரச் சட்டங்களால் ஆன ஓர் உருளையில் சுற்றினார். உப்புத் தண்ணீர்த் தொட்டியில் அது பாதி அமிழ்ந்து சுழலும்படி அமைத்தார். நோயாளியின் ரத்தம் குழாயில் ஓடும். யூரியா உறை வழியே கசிந்து தண்ணீருக்குப் போய்விடும். அணுக்களும் புரதமும் உள்ளேயே நிற்கும்.

1943 மார்ச்சில் முதல் சிகிச்சை நடந்தது. நோயாளி பிழைக்கவில்லை. அடுத்து வந்தவர்களிலும் பெரும்பாலோர் ஒருவர் பின் ஒருவராக மாண்டனர். முதல் 16 பேரில் ஒருவரையாவது யந்திரம் காப்பாற்றியது என்று சொல்ல வழியில்லை. வேறு ஒருவராயிருந்தால் கைவிட்டிருப்பார்.

1945 செப்டம்பரில் 17-வது நோயாளி வந்தாள். 67 வயது மாது, நினைவில்லாத நிலை. அவள் யார் தெரியுமா? யுத்தத்தில் ஜெர்மானியர் பக்கம் சேர்ந்ததற்காகச் சிறையில் அடைக்கப்பட்டவள்! ஆக்கிரமிப்பில் ஐந்து வருஷம் வதைபட்ட கோல்ஃப், நோயாளி என்ற ஒன்றை மட்டுமே பார்த்தார். பல மணி நேரம் உருளை சுழன்றது. அவள் கண் விழித்தாள், பேசினாள், பின்னும் பல வருஷம் வாழ்ந்தாள்.

தாம் செய்த யந்திரங்களைக் கோல்ஃப் லண்டன், நியூயார்க் முதலிய நகரங்களுக்கு இனாமாகவே அனுப்பி வைத்தார். 2009-ல் அவர் காலமானபோது, உலகெங்கும் லட்சக்கணக்கானோர் டயாலிசிஸ் சிகிச்சையால் வாழ்ந்துகொண்டிருந்தனர்.

நமக்கு என்ன பாடம்?

ஆனாலும் யந்திரம் சிறுநீரகத்துக்கு ஈடாகாது. சாதாரணமாக வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம் அதனிடம் படுத்திருக்க வேண்டும். அது ரத்தத்தைக் கழுவும். மிகையான நீரையும் இறக்கும். புது ரத்த அணுக்கள் உண்டாவதற்குச் சிறுநீரகம் சுரக்கும் ரசத்தை அது தராது. இரவும் பகலும் உடலின் தேவை அறிந்து கொடுப்பதும் எடுப்பதும் அதற்குத் தெரியாது.

சிறுநீரகம் சீக்கிரத்தில் முறையிடாது. பெரும் பகுதி கெட்ட பிறகும் வலி தெரியாமல் இருக்கலாம். அதைக் கெடுக்கும் முதல் சத்துருக்கள் இரண்டு: நீரிழிவும் ரத்தக் கொதிப்பும். இவை உள்ளவர்கள் வருஷத்துக்கு ஒரு தடவையாவது சிறுநீரில் ஆல்புமின், ரத்தத்தில் கிரியாட்டினின் ஆகிய பரிசோதனைகளைச் செய்துகொள்வது அவசியம். டாக்டரைக் கேளாமல் வலி மாத்திரைகளை வாங்கி விழுங்குவதையும் விட்டுவிட வேண்டும்.

குரோனிங்கனில் அந்தத் தாயாருக்குச் சொல்ல அன்று டாக்டரிடம் ஒரு வழியும் இல்லை. இன்று வழி இருக்கிறது. காலம் கடக்குமுன் போய்க் கேட்பதுதான் நம் வேலை.