மிஷன் மருத்துவமனை யாருக்குச் சொந்தம்? அறங்காவலர் பணி பற்றி ஒரு விளக்கம்

மிஷன் மருத்துவமனைக்குச் சிகிச்சை பெற வருவோரும், உடனிருந்து கவனிப்போரும் அடிக்கடி எழுப்பும் வினா ஒன்று உண்டு: "இந்த மருத்துவமனை யாருக்குச் சொந்தம்?" சிலர் தலைமை மருத்துவரைச் சுட்டுவர், சிலர் பேராயரைச் சொல்வர், வேறு சிலர், "வெள்ளைக்காரர் கட்டியது, இன்னும் அவர்களுடையதுதான்" என்பர். மூன்று விடைகளும் பொருந்தா. வீட்டுக்கும் கடைக்கும் இருப்பது போன்ற உரிமையாளர் எவரும் அறநிறுவன மருத்துவமனைக்கு இல்லை. அதன் நிலம், கட்டடம், கருவிகள், பணம் அனைத்தும் ஒரு நோக்கத்துக்காக ஒப்படைக்கப்பட்டவை. அந்த நோக்கத்துக்காக மட்டுமே அவற்றைக் காத்து நடத்தும் கடமையை ஏற்றவர்கள் அறங்காவலர்கள்.

இதை அறிந்துகொள்வதால் நோயாளருக்கு என்ன பயன்? கட்டணச் சலுகை கேட்பது, நன்கொடை அளிப்பது, குறை ஒன்றை முறையிடுவது ஆகிய மூன்றும் இந்த அடிப்படையின் மீதே நிற்கின்றன.

நம் மண்ணில் பழைய வழக்கம்

அறங்காவல் என்னும் கருத்து கப்பலேறி வந்த புதுமை அன்று. பெருமுக்கல் மலைமேல் உள்ள கோயிலைப் போலவே, தொண்டைநாட்டின் பழங்கோயில்கள் பலவற்றின் சுவர்களில் சோழர் காலக் கல்வெட்டுகள் உள்ளன. விளக்கெரிக்க ஆடுகளையும், வழிபாட்டுக்கு நிலத்தையும் கொடுத்தவர்கள், அக்கொடை எதற்குச் செலவாக வேண்டும் என்பதைக் கல்லில் வெட்டி வைத்தனர். இத்தகைய கல்வெட்டுகள் பலவற்றின் இறுதியில் ஒரு வழக்கம் காணப்படுகிறது. இந்த அறத்தைக் காப்பவரின் பாதத்தைத் தம் தலைமேல் தாங்குவதாகக் கொடையாளர் பணிந்து கூறுவார். கொடுத்தவர் பெரியவர், காப்பவர் பணியாள் என்று அவர் எண்ணவில்லை. தாம் மறைந்த பின் தம் அறம் பிழைத்திருப்பது, முகமறியாத ஒருவரின் நேர்மையைப் பொறுத்தது என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

மருத்துவத்துக்கும் இத்தகைய கொடை இருந்தது. காஞ்சிபுரம் மாவட்டம் திருமுக்கூடல் பெருமாள் கோயிலில் உள்ள வீரராசேந்திர சோழனின் 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு, 'வீரசோழன்' என்னும் பெயருடைய ஆதுலர் சாலையைக் குறிப்பிடுகிறது. 15 நோயாளர் தங்கிச் சிகிச்சை பெற இடம், ஒரு மருத்துவர், அறுவை செய்வோர் ஒருவர், மருந்துச் செடிகள் கொண்டுவருவோர், நோயாளரைக் கவனிக்கும் பெண்கள் என ஒவ்வொருவருக்கும் உரிய ஊதியமும், சேமித்து வைக்க வேண்டிய மருந்துகளின் பெயர்களும் அதில் உள்ளன. இன்றைய அறக்கட்டளைப் பத்திரம் செய்யும் வேலையை அன்று அந்தக் கல் செய்தது.

ஆங்கிலிக்கன் மிஷன் சங்கங்கள்

தமிழகத்தின் பழைய மிஷன் பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும் 'எஸ்.பி.ஜி.' என்னும் எழுத்துகளைப் பலர் கண்டிருப்பர். 1701இல் இங்கிலாந்து அரசர் மூன்றாம் வில்லியம் வழங்கிய பட்டயத்தால் அமைந்த ஆங்கிலிக்கன் நற்செய்திச் சங்கம் அது. 1820களில் அது தென்னிந்தியப் பணியை ஏற்றது. தூத்துக்குடி மாவட்டம் நாசரேத்தில் மருத்துவர் ஸ்ட்ராச்சன் தொடங்கிய மருத்துவ ஊழியமும், அதன்பின் கேனன் மர்காஷிஸ் வளர்த்த தூய லூக்கா மருத்துவமனையும் இச்சங்கத்தின் பணியில் எழுந்தவை. களத்தில் உழைத்தவர்களின் பெயர்களை நாம் அறிவோம். ஆனால் நிலம் வாங்கவும், பணம் அனுப்பவும், அனுப்பிய பணத்துக்குக் கணக்குக் கேட்கவும் இலண்டனில் கூடிய குழுவினரின் பெயர்களை நாம் அறிவதில்லை. அறங்காவல் என்பது பெரும்பாலும் பெயர் தெரியாமல் செய்யப்படும் பணி.

அச்சங்கம் 1965இல் மற்றொரு சங்கத்துடன் இணைந்து, இன்று யு.எஸ்.பி.ஜி. என்னும் பெயரில் இயங்குகிறது. அதை ஆள்வது ஓர் அறங்காவலர் குழு. அதன் ஆண்டுக் கணக்கை இங்கிலாந்து அறநிறுவன ஆணையத்தின் இணையத்தளத்தில் எவரும் காணலாம்.

கொடையாளரின் சொல் மட்டும் போதுமா?

அறங்காவலர் கடமை கணக்கைச் சரியாக வைப்பதோடு முடிவதில்லை என்பதற்கு இச்சங்கத்தின் வரலாற்றிலேயே கசப்பான சான்று உண்டு. 1710இல் இறந்த கிறிஸ்டோபர் காட்ரிங்டன் என்னும் பெருஞ்செல்வர், கரீபியன் கடலில் உள்ள பார்படோஸ் தீவின் இரு கரும்புத் தோட்டங்களைச் சங்கத்துக்கு எழுதி வைத்தார். அங்கே ஒரு கல்லூரி எழ வேண்டும், அதில் இறையியலோடு மருத்துவமும் அறுவை சிகிச்சையும் கற்பிக்கப்பட வேண்டும் என்பது அவர் விருப்பம். நோக்கம் உயர்ந்தது. ஆனால் அதே உயில், தோட்டங்களில் எப்போதும் 300 அடிமைகளை வைத்திருக்க வேண்டும் என்றும் விதித்தது.

சங்கத்தார் உயிலை நிறைவேற்றினர். அடிமைகளின் மார்பில் சங்கத்தின் பெயரைச் சூட்டுக்கோலால் பொறித்த காலமும் இருந்தது. 1834இல் பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் அடிமைமுறை ஒழிந்தபோது, 411 பேரை விடுவித்ததற்காகச் சங்கம் 8,823 பவுன் இழப்பீடு பெற்றது. விடுதலை பெற்றவர்களுக்கு இழப்பீடு ஏதும் இல்லை. உயில் விரும்பிய மருத்துவக் கல்வியும் வேரூன்றவில்லை. 1830இல் அங்கு இறையியல் கல்லூரியே அமைந்தது.

2006இல் இங்கிலாந்துத் திருச்சபையின் பொதுப்பேரவை அடிமை வணிகத்தில் தன் பங்குக்காக மன்னிப்புக் கேட்டது. 2023இல் யு.எஸ்.பி.ஜி., அந்த அடிமைகளின் வழித்தோன்றல்களுக்காகப் பார்படோஸில் 70 இலட்சம் பவுன் செலவிடும் திட்டத்தை அறிவித்தது. சுமார் 190 ஆண்டுகளுக்கு முன் முடிந்த செயலுக்கு இன்றைய அறங்காவலர்கள் பொறுப்பேற்றுள்ளனர். உயிலின் எழுத்தைக் காத்தவர்கள், தம் பொறுப்பில் இருந்த மனிதரைக் காக்கவில்லை. 'இந்த முடிவால் துன்புறுவோர் யார்?' என்று கேளாத குழு, விதி தவறாமலே அறம் தவறிவிடக்கூடும் என்பதே இதன் பாடம்.

சொத்து இன்று யார் பெயரில்?

1947 செப்டம்பர் 27 அன்று சென்னை தூய ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உதயமானது. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் முதலிய சபைகள் அதில் ஒன்றாயின. அவ்வாறு வந்த சொத்துகளைக் காக்க அதே ஆண்டு 'சி.எஸ்.ஐ. டிரஸ்ட் அசோசியேஷன்' பதிவு செய்யப்பட்டது. இது இலாபத்தைப் பங்கிட்டுக்கொள்ள இயலாத நிறுமம். சொத்துப் பத்திரம் இத்தகைய அமைப்பின் பெயரில் இருக்க, அன்றாட நிர்வாகத்தைப் பேராயமும் மருத்துவமனைக் குழுவும் நடத்துவது வழக்கம்.

அறநிறுவனங்கள் அறக்கட்டளையாகவோ, சங்கமாகவோ, இலாப நோக்கற்ற நிறுமமாகவோ பதிவாகியிருக்கலாம். ஆள்வோரின் பெயர் அதற்கேற்ப அறங்காவலர், செயற்குழுவினர், இயக்குநர் என மாறும். கடமை ஏறத்தாழ ஒன்றே: தம் பொறுப்பில் உள்ளதைத் தமக்காகப் பயன்படுத்தக் கூடாது. வருமானம் அறங்காவலருக்கோ அவர்தம் உறவினருக்கோ முறையின்றிச் சென்றால், நிறுவனம் வருமான வரி விலக்கை இழக்க நேரும். ஆண்டு வருமானத்தில் 85 விழுக்காட்டையேனும் அறநோக்கத்துக்குச் செலவிட வேண்டும் என்பதும் அவ்விலக்குக்கான பொது விதி. வெளிநாட்டு நன்கொடை, 2020ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, பாரத ஸ்டேட் வங்கியின் புதுதில்லி முதன்மைக் கிளையில் உள்ள கணக்குக்கே முதலில் வர வேண்டும்.

அறங்காவலர் தீர்மானிப்பவை, தீர்மானிக்காதவை

ஆண்டு வரவுசெலவுத் திட்டம், தலைமை நிர்வாகியின் நியமனம், நிலம் வாங்குதல் விற்றல், தணிக்கை ஆகியவை அறங்காவலர் குழுவின் பொறுப்பு. நோயாளருக்கு மிக நெருக்கமான மற்றொன்றும் அதில் அடங்கும்: யாருக்கு, எந்த அளவு கட்டணச் சலுகை என்னும் கொள்கை. மரக்காணத்து உப்பளங்களில் வடகிழக்குப் பருவமழை இறங்கினால் வேலை நின்றுவிடும். அம்மாதங்களில் வரும் உப்பளத் தொழிலாளிக்கு மருத்துவமனை என்ன செய்யும் என்பது கட்டண முகப்பில் அமர்ந்திருக்கும் ஊழியரின் மனநிலையைப் பொறுத்ததாக இருக்கக் கூடாது. குழு முன்கூட்டியே வகுத்த விதியாக இருக்க வேண்டும்.

எந்த மருந்து, எந்த அறுவை, எப்போது வீடு திரும்பலாம் என்பவை மருத்துவரின் பொறுப்பு. அறங்காவலர் ஒருவரை அறிந்திருப்பதால் வரிசையில் முன்னிடமோ, தனிச் சிகிச்சையோ கேட்பது முறையன்று. அவர் அதற்கு இணங்குவதும் முறையன்று.

நீங்கள் செய்யக்கூடியவை

கட்டணச் சலுகை தேவையெனில் சமூகப்பணிப் பிரிவிலோ, கட்டண முகப்பிலோ சேர்க்கையின்போதே கேளுங்கள். அது பிச்சையன்று, அந்த நோக்கத்துக்காகவே அறநிதி ஒப்படைக்கப்பட்டுள்ளது.

நன்கொடை அளித்தால், தொகை சிறிதாயினும் எண்ணிட்ட இரசீது பெறுங்கள். ஏழை நோயாளர் நிதி, கட்டட நிதி என நோக்கத்தைக் குறிப்பிட்டுக் கொடுத்தால், அது அந்த நோக்கத்துக்கே செலவாக வேண்டும். ரூ.2,000க்கு மேல் ரொக்கமாக அளிக்கும் நன்கொடைக்கு வருமான வரிச் சலுகை கிடைக்காது. வங்கி வழியாக அளிப்பது நன்று. தனி ஊழியர் எவர் கையிலும் நன்கொடை என்று பணம் தர வேண்டா.

குறை இருந்தால் முதலில் வார்டு பொறுப்புச் செவிலியரிடம் சொல்லுங்கள். தீராவிடில் மருத்துவக் கண்காணிப்பாளருக்கும், அதன்பின் நிர்வாகக் குழுச் செயலருக்கும் எழுத்து மூலம் தெரிவியுங்கள். நாள், நோயாளர் எண், நடந்தது என்ன, என்ன தீர்வு வேண்டும் என்று சுருக்கமாக எழுதி, ஒரு படியை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள்.

'இலவசமாகச் சிகிச்சை பெற்றவர் கேள்வி கேட்கக் கூடாது' என்னும் எண்ணம் தவறு. 1995இல் உச்ச நீதிமன்றம் வி.பி. சாந்தா வழக்கில் இதைத் தெளிவாக்கியது. சிலரிடம் கட்டணம் பெற்று, சிலருக்கு இலவசமாகச் சிகிச்சை அளிக்கும் மருத்துவமனையில், இலவசச் சிகிச்சை பெற்றவரும் நுகர்வோரே. கவனக்குறைவால் தீங்கு நேர்ந்தால் நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். பொது அறக்கட்டளையின் நிர்வாகமே தவறாக நடந்தால், அதில் அக்கறை உடைய இருவரோ அதற்கு மேற்பட்டோரோ நீதிமன்ற அனுமதி பெற்று வழக்குத் தொடரவும், கணக்குக் கேட்கவும், அறங்காவலரை மாற்றக் கோரவும் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 92ஆம் பிரிவு வழி செய்கிறது.

ஆகவே, மருத்துவமனை யாருக்குச் சொந்தம் என்னும் வினாவுக்கு நேரான விடை இது: பத்திரம் ஓர் அமைப்பின் பெயரில் இருக்கும், காவல் சிலரின் கையில் இருக்கும், பயன் நோயுற்றவருக்கு உரியது. காவல் சரியாக நடக்கிறதா என்று மரியாதையுடன் கேட்பதும் அந்த அறத்தைக் காக்கும் பணியின் ஒரு பகுதியே. அந்தப் பணியில் நோயாளருக்கும் குடும்பத்தாருக்கும் பங்கு உண்டு.