மலையில் வாங்கிய பீன்ஸ்... மாதக்கணக்கில் பச்சையாக!

"பசேல்னு இருக்கேன்னு மூணு கிலோ வாங்கிட்டேன்... இப்ப என்ன பண்றதுன்னு தெரியலை!"

ஏற்காடு போய்த் திரும்பும் இல்லத்தரசிகள் பலர் சொல்வது இது. சேர்வராயன் மலையின் குளிர்ச்சி பீன்ஸுக்கு ரொம்பவே பிடிக்கும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பீன்ஸ் ரகங்களில் ஒன்றான 'ஒய்.சி.டி.-1', ஏற்காட்டின் பெயரையே சுமக்கிறது. ஆனால் 20 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி சேலம் வெயிலுக்கு வந்ததுமே காய் வாட ஆரம்பித்துவிடும். ஃப்ரிட்ஜில் வைத்தாலும் ஒரு வாரம் தாங்கினால் அதிகம்.

'நறுக்கி ஃப்ரீசரில் போட்டால் போச்சு' என்கிறீர்களா? அப்படியே போட்டால் சில வாரங்களில் நிறம் மங்கி, ருசி கெட்டு, வைக்கோல் வாடை அடிக்கும்!

ஏன் இப்படி?

பறித்த பிறகும் காய்க்குள் நொதிகள் வேலை செய்துகொண்டே இருக்கும். நிறம், மணம், வைட்டமின் சி எல்லாவற்றையும் சிறுகச் சிறுகக் குறைப்பவை இவைதான். குளிர் இவற்றை மந்தமாக்கும், நிறுத்தாது. நிறுத்துவது சூடு. அதனால்தான் உறைய வைக்கும் முன் காய்க்கு ஒரு வெந்நீர்க் குளியல் தேவை.

எப்படிச் செய்வது?

ஒடித்தால் 'டக்'கென்று உடைகிற இளசான பீன்ஸாக எடுங்கள். கழுவி, காம்பும் நாரும் நீக்கி, ஒரு அங்குலத் துண்டுகளாக நறுக்குங்கள். அரை கிலோ காய்க்கு 4 லிட்டர் தண்ணீர். தளதளவென்று கொதிக்கும்போது காயைப் போட்டு மூடுங்கள். மறுபடி கொதி வந்ததிலிருந்து சரியாக 3 நிமிடம்.

ஏற்காட்டிலேயே குடியிருக்கிறீர்களா? உங்களுக்கு 4 நிமிடம்! சுமார் 5,000 அடி உயரத்தில் தண்ணீர் 95 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். சூடு குறைவதால் நேரம் கூட வேண்டும்.

எடுத்த உடனே ஐஸ் தண்ணீரில் போட்டு, அதே அளவு நேரம் ஆற விடுங்கள். இல்லாவிட்டால் உள்சூட்டிலேயே காய் குழைந்துவிடும். பிறகு துணியில் பரப்பி ஈரம் போகத் துடைத்து, தட்டில் ஒட்டாமல் பரப்பி உறைய வையுங்கள். கல் மாதிரி ஆனதும் பைகளில் போட்டு, காற்றை வெளியேற்றிக் கட்டி, தேதி எழுதி வையுங்கள்.

'வெந்நீரில் சத்து போயிடாதா?' கொஞ்சம் போகும். ஆனால் ஒரு வாரம் ஃப்ரிட்ஜில் வாடிக் கிடக்கும் பீன்ஸ் இழக்கிற வைட்டமின் சி இதைவிட அதிகம்.

எத்தனை நாள் தாங்கும்?

மைனஸ் 18 டிகிரியில் 8 மாதம் வரை நன்றாக இருக்கும். ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் சின்ன ஃப்ரீசரில் பெரும்பாலும் அத்தனை குளிர் வராது. அதில் வைத்தால் ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிடுவது நல்லது.

கரண்ட் போனால்..?

இதுதான் முக்கியம். உறைபனி கிருமிகளைக் கொல்வதில்லை. தூங்க வைக்கிறது, அவ்வளவுதான். காய் இளகினால் அவையும் விழித்துக்கொள்ளும். கரண்ட் இல்லாதபோது ஃப்ரீசரைத் திறக்காதீர்கள். வந்த பிறகு பாருங்கள்: காயில் இன்னும் ஐஸ் துகள் இருந்தால் மறுபடி உறைய வைக்கலாம். முழுக்க இளகி, குளிர்ச்சியும் போய் 2 மணி நேரத்துக்கு மேலாகிவிட்டதா? யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

ஊருக்குப் போகிறவர்களுக்கு ஒரு யோசனை. கிண்ணத்தில் தண்ணீரை உறைய வைத்து, மேலே ஒரு ரூபாய் நாணயத்தை வையுங்கள். திரும்பி வரும்போது நாணயம் அடியில் கிடந்தால், நீங்கள் இல்லாத நேரத்தில் எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது என்று அர்த்தம்!

சமைக்கும்போது இளக வைக்க வேண்டாம். தாளித்ததும் நேரே வாணலியில் போடுங்கள். வெந்நீர்க் குளியல் முழுச் சமையல் அல்ல என்பதால் பச்சையாக சாலட்டில் சேர்க்காமல், நன்றாக வேக வைத்தே சாப்பிடுங்கள்.