பிலிக்கல்பாளையம் வெல்ல ஏலமும் வலையமைப்பு விளைவும்

பயனர் பெருகப் பெருக வலையமைப்பின் மதிப்பு உயர்வதைப் பொருளியலார் வலையமைப்பு விளைவு என்பர். ஈத்தர்நெட்டை உருவாக்கியோருள் ஒருவரான இராபர்ட் மெட்கால்ஃப் முன்வைத்த கருத்துக்கு 1993இல் ஜார்ஜ் கில்டர் ‘மெட்கால்ஃப் விதி’ எனப் பெயரிட்டார். மதிப்பு பயனர் எண்ணிக்கையின் வர்க்கத்திற்கேற்ப வளரும் என்பது அவ்விதி. 30 பேருக்கிடையே 435 இணைப்புகள். 60 பேராயின் 1770. எல்லா இணைப்புகளும் சமமதிப்புடையன அல்ல என்று ஓட்லிஸ்கோவும் டில்லியும் 2005இல் இதனை மறுத்தனர். இம்மறுப்பின் பொருளைப் பரமத்தி வேலூர் வட்டாரத்து வெல்ல ஏலம் தெளிவாக்குகிறது.

ஜேடர்பாளையம், கபிலர்மலை, பாண்டமங்கலம் முதலிய ஊர்களின் ஆலைக் கொட்டகைகளில் காய்ச்சப்படும் உருண்டை வெல்லமும் அச்சு வெல்லமும் 30 கிலோ சிப்பங்களாகப் பிலிக்கல்பாளையம் சந்தைக்கு வருகின்றன. ஏலம் புதனும் சனியும். வெளிமாநிலங்களுக்குச் சரக்கு அனுப்பும் வணிகர்கள் ஏலம் எடுக்கின்றனர்.

தொலைபேசியில் எவரும் எவருடனும் பேசலாம். சந்தையிலோ விற்போர் தமக்குள் விற்பதில்லை. ஆகவே 20 விற்போரும் 10 வாங்குவோரும் கூடினால் கிடைப்பவை 435 அல்ல, 200 இணைப்புகளே. ஒருவர் மட்டும் கேட்டால் அது ஏலமன்று. இரண்டாமவர் வந்ததும் விலை எழுகிறது. பதினோராமவரால் கூடுவது சிறிதே. விற்போர் பெருகினால் விற்போருக்கே இழப்பும் நேரலாம். வரத்து மிகுந்த நாளில் விலை சரியும். ஆயினும் வரத்துக் குறைந்த சந்தையில் லாரி நிரம்பாது, தொலைவிலுள்ள வணிகர் வாரார். (சில நாள்களில் வாடிவிடும் வெற்றிலையின் ஏலத்தில் இச்சிக்கல் இன்னும் கடுமையானது.)

இங்குக் கிழமையின் பங்கு போதிய கவனம் பெறவில்லை என்பது கட்டுரையாளரின் கருத்து. மேற்சொன்ன 30 பேரும் இரு நாள்களில் சரிபாதியாகப் பிரிந்து வந்தால் நாளொன்றுக்கு 50 வீதம் 100 இணைப்புகள்தாம். ஒரே நாளில் வந்தால் 200. ஆள் கூடாமலே இணைப்பு இரட்டிக்கிறது.

கொட்டகையிலேயே சிப்பத்தை விற்பவருக்கு வண்டி வாடகையும் ஏற்றுகூலியும் மிச்சம். அது நியாயமான கணக்கே. ஆனால் அங்கு வாங்கி முடித்த வணிகர் அன்றைய ஏலத்தில் கேட்கத் தேவையில்லை. ஒரு கேள்வி குறைந்த இழப்பு சந்தைக்கு வந்த மற்றவர்களைச் சேர்கிறது. அவ்வாறு விற்றவரும் சந்தையை முற்றிலும் விட்டு விலகியவர் அல்லர்; கொட்டகையில் பேரம் பேசுவதற்கு அவர் கையிலுள்ள அளவுகோல் முந்தைய ஏலத்தின் விலையே.