வண்டி விளக்குகளும் களிம்பேறிய மின் இணைப்புகளும்

பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சிக்குச் செல்லும் சாலையில் எலப்புள்ளி என்னும் ஊர் உள்ளது. பாலக்காட்டுக் கணவாய்ப் பகுதியைச் சேர்ந்த இவ்வூரின்மீது, ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று ஈரத்தைச் சுமந்து வீசுகிறது. நெல் விளையும் இந்நிலத்தில் டிராக்டர்களும் டிரெய்லர்களும் மழையிலும் சேற்றிலும் உழைக்கின்றன. டிரெய்லரின் பின்விளக்கு மங்கினால், இரவில் பின்னே விரைந்து வரும் லாரி ஓட்டுநருக்கு அது புலப்படாது; உயிர்ச்சேதமும் நேரக்கூடும். அவ்வேளையில் பல்பையே குறை கூறுவது வழக்கம். குற்றமோ பல வேளைகளில் ஒயர்களை இணைக்கும் பித்தளை முனையில் இருக்கிறது.

1800-ஆம் ஆண்டில் வோல்ட்டா என்னும் இத்தாலிய அறிஞர், இருவகை உலோகத் தகடுகளுக்கிடையே உப்புநீரில் நனைத்த துணியை வைத்து மின்சாரம் உண்டாக்கினார். பித்தளையும் இரும்பும் கூடுமிடத்தில் அழுக்குநீர் தங்கினால் அங்கும் அத்தகைய சிறு மின்கலம் தோன்றி, உலோகத்தை அரிக்கிறது. பித்தளையின்மீது பசுமையான களிம்பு படிகிறது. களிம்பு மின்சாரத்தை எளிதிற் கடத்தாது.

இதன் விளைவைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 12 வோல்ட்டில் 21 வாட் பல்பு 1.75 ஆம்பியர் மின்சாரத்தை ஏற்கும். களிம்பினால் ஒரே ஓம் தடை கூடினும், பல்பிற்குக் கிட்டுவது 10.4 வோல்ட் அளவேயாகும். ஒளியோ ஏறத்தாழ 60 விழுக்காடாகச் சுருங்கிவிடும்.

உரமூட்டை ஏற்றும் டிரெய்லர்களுக்கு மற்றுமோர் அபாயம் உண்டு. ஆங்கிலேயர் ஆட்சியில் இந்தியக் குதிரை லாயங்களில் வைக்கப்பட்ட பித்தளைத் தோட்டா உறைகள் மழைக்காலத்தில் வெடிப்புற்றன. ஈரத்துடன் சேர்ந்த அம்மோனியாவே காரணமென 1921-இல் விளக்கப்பட்டது. அம்மோனியம் கலந்த உரங்கள் ஈரமுற்றுப் பித்தளை முனைகளிற் படிவதும் அவ்வாறே தீங்கானது.

பழுதைக் கண்டறிய, விளக்கு எரியும்போதே இணைப்பின் இருபுறத்திற்கும் இடையே வோல்ட் மீட்டரை வைத்தல் வேண்டும். அரை வோல்ட்டுக்கு மேற்பட்டால் அவ்விணைப்பு பழுதுற்றது எனக் கொள்க. விளக்கை அணைத்துவிட்டு அளந்தால் மின்சாரம் ஓடாமையின் குறை வெளிப்படாது. வண்டிச் சட்டத்தில் திருகிய எர்த் இணைப்பையும் இவ்விதமே சோதித்தல் நன்று.

பழுது பார்க்குமுன் பாட்டரியின் எதிர்முனையைக் கழற்றிவிட வேண்டும். மெல்லிய களிம்பை நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்து நீக்கலாம். வீட்டுப் பித்தளைப் பாத்திரங்களைத் துலக்கும் புளியும் களிம்பைக் கரைக்கும்; ஆனால் எஞ்சிய புளிப்பு மீண்டும் உலோகத்தை அரிக்குமாதலின், சோடா உப்பு நீரால் கழுவி, நன்கு உலர்த்துதல் இன்றியமையாதது. ஒயரின் உள்ளிழைகள் கறுத்திருப்பின், பளபளக்கும் செம்பு தோன்றும்வரை வெட்டிவிட்டுப் புதிய முனையை இறுக நெரித்துப் பொருத்துக. முடிவில் வாசலின் பூசி, ரப்பர் உறையிட்டு, நீர் சொட்டி வடியுமாறு ஒயரை இணைப்பிற்குக் கீழே சற்றே தொங்கவிடுக.

களிம்பை நீக்குதல் பாதி வேலையே. நீர் மீண்டும் புகாமற் காப்பதே மற்றப் பாதி. மழைக்காலத்திற்கு முன்னரே இதனைச் செய்துவிட்டால், இரவுப் பயணத்தின் பெரியதோர் அபாயம் நீங்கும்.